பிராட்பேண்ட் இணைப்பு ஒப்படைப்பு

வீட்டு பிராட்பேண்ட் சேவையை நிறுத்திக் கணக்கை முடித்துக்கொள்வது இணைப்பு ஒப்படைப்பு, அதாவது 'சரண்டர்' எனப்படும். சிவகங்கை மாவட்டம் காரைக்குடி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களில் இதன் தேவை அதிகம். உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வசிப்பதால், இங்குள்ள பெரிய வீடுகள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன.

வீட்டைப் பூட்டி மோடத்தை அணைத்துவிட்டால் மாதாந்தரக் கட்டணம் நின்றுவிடாது. பணம் கட்டாததால் நிறுவனமே இணைப்பைத் துண்டித்தாலும், அதுவரை சேர்ந்த பாக்கி சந்தாதாரர் பெயரிலேயே நிற்கும். எனவே விண்ணப்பம் கொடுத்து, அதற்கான எண்ணும் தேதியும் பெற வேண்டும். மோடம் நிறுவனத்தினுடையது என்றால் அடாப்டருடன் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

இறுதி பில்லில் ஒப்படைத்த நாள் வரையிலான கட்டணம், 18% ஜிஎஸ்டி, பழைய பாக்கி ஆகியவை கூட்டப்பட்டு, வைப்புத்தொகை கழிக்கப்படும். எடுத்துக்காட்டாக, கட்டணம் 300 ரூபாய், வரி 54 ரூபாய், வைப்புத்தொகை 500 ரூபாய் எனில், 146 ரூபாய் திரும்ப வர வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2024 விதிமுறைகள் இதற்கு 45 நாள் கெடு விதிக்கின்றன.

பணம் வராவிட்டால் முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தையும், அடுத்து அதன் மேல்முறையீட்டு அமைப்பையும் அணுகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே காரைக்குடி வீட்டின் பில்லுக்காகச் சென்னைவாசி சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. ரசீதுகள் கையில் இருந்தால் போதும்.