அரை அங்குலச் செயின்

செஞ்சியிலிருந்து சேத்பட்டு ரோட்டில் போய் வளத்தியில் திரும்பினால் மேல்மலையனூர். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். இன்று மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த 20 கிலோமீட்டரும் சைக்கிள்காரர்களின் ரோடு.

அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் பார்க்கச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியிலும் நடந்தும் வந்ததுபோலவே சைக்கிளிலும் வந்தார்கள். முன் பாரில் துண்டைச் சுற்றி அதன்மேல் மூத்த பிள்ளை, பின்னால் கேரியரில் மனைவி, அவர் மடியில் கைக்குழந்தை, ஹேண்டில்பாரில் தேங்காய் பழம் வைத்த பை. மற்ற நாட்களில் அதே கேரியரில் மல்லாட்டை மூட்டை, பால் கேன், நெல். ஒரு குடும்பத்தின் பாரமும் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பாரமும் ஒரே வண்டியில்தான் போயின.

அந்த வண்டியை நினைத்துப் பாருங்கள். 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் இருந்து வந்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ.; லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், இரும்பு பிரேம். முன்னால் பெடலோடு இருக்கும் பல்சக்கரத்தில் பெரும்பாலும் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் கிட்டத்தட்ட இரண்டரைச் சுற்று சுற்றும், வண்டி ஐந்தரை மீட்டர் நகரும். ஆள் மட்டும் போனாலும் ஐந்தரை மீட்டர். இரண்டு மூட்டை ஏற்றி ஆடி மாதத்து மேல்காற்றுக்கு எதிரே போனாலும் அதே ஐந்தரை மீட்டர். இருபது வயதுக்காரருக்கும் அதுதான், அறுபது வயதுக்காரருக்கும் அதுதான். காற்றுக்கும் பாரத்துக்கும் வயதுக்கும் ஈடு கொடுக்க வண்டியில் எதுவும் கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலும் இடுப்பும்தான் ஈடு கொடுத்தன. மேட்டில் எழுந்து நின்று மிதித்தார்கள், அதுவும் முடியாதபோது இறங்கித் தள்ளினார்கள். எங்கள் பக்கத்தில் பால் கேன் கட்டி ஓட்டிய பெரியவர்கள் பலர் இன்று திண்ணையிலிருந்து எழுந்திருக்கத் தூணைப் பிடிப்பதைப் பார்க்கிறேன். அதற்கு வயது ஒரு காரணம். அந்த 18 பல்லும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கியர் அப்போது உலகத்தில் இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1902-இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி, சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று கியரை அடக்கி விற்றது. நம் வண்டிகளின் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இங்கிலாந்து வண்டிகளில் அது சர்வசாதாரணம். வண்டியின் வடிவம் இங்கே வந்தது, கியர் மட்டும் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேரவில்லை. ஒரு மூட்டைகூட ஏற்றாத இங்கிலாந்து குமாஸ்தாவுக்கு மூன்று கியர், மூட்டைமேல் மூட்டை ஏற்றிய நம் ஆட்களுக்கு ஒன்று. இந்த அநியாயம் இன்னும் என் மனதை அறுக்கிறது.

இன்று அதே ரோடுகளில் வேறு சைக்கிள் போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திண்டிவனம் பக்கமிருந்து செஞ்சிக்குள் ரோடு பைக்குகள் வரிசையாக வருகின்றன. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கிளம்பி, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை கண்ணில் பட்டதும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, சிலர் அப்படியே திருவண்ணாமலைக்கு விடுகிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற கணக்கோடு ‘பிரவே’ என்னும் நெடுந்தூர ஓட்டம் ஓட்டுபவர்களும் இவர்களில் உண்டு.

அந்த வண்டிகளில் முன்னால் 50 பல்லும் 34 பல்லுமாக இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 பல்லிலிருந்து 28 பல் வரை பதினொரு சக்கரம் என்பது பரவலான அமைப்பு. மிகவும் இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டரை மீட்டர் நகரும், மிகவும் கடினமானதில் ஒன்பதரை மீட்டர். பழைய ஐந்தரை மீட்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மேட்டில் அதில் பாதிக்கும் குறைவு, இறக்கத்தில் ஒன்றே முக்கால் மடங்கு. ஐம்பது ஆண்டு மாற்றம் முழுவதும் இந்த மூன்று எண்ணில் இருக்கிறது.

இந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டிகளும் உண்டு. என் மச்சான் சென்னையில் ஒரு பழைய ரோடு பைக்கை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். மெல்லிய இரும்புக் குழாய் பிரேம், பின்னால் ஆறு சக்கர ஃப்ரீவீல், கியர் மாற்றும் லீவர் சாய்ந்த குழாயின் மேல். கியர் மாற்ற ஹேண்டிலிலிருந்து கையை எடுத்துக் குனிய வேண்டும். எந்தப் பல்லில் செயின் விழுந்தது என்பதைக் காதால் கேட்டு லீவரைத் திருத்த வேண்டும். ஜப்பானின் ஷிமானோ 1984-இல் ‘கிளிக்’ என்று இடம் பார்த்து நிற்கும் லீவரைக் கொண்டுவந்தது. 1990-இல் அதையே பிரேக் பிடியோடு சேர்த்தது. இந்தப் பழைய வண்டிக்கு அதைப் போட வேண்டும் என்று மச்சானுக்கு ஆசை. நகரத்துக் கடைகள் புது வண்டியே வாங்கிவிடலாம் என்றன. செஞ்சியில், ‘ரோட்ஸ்டர்’ என்று சொல்லும் அந்தப் பழைய ஒற்றைக் கியர் வண்டிகளை ஓவராயில் செய்தே வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனோம்.

அவர் முதலில் பின் போர்க்கின் இடைவெளியை அளந்தார். 126 மில்லிமீட்டர். பதினொரு சக்கரம் ஏற்கும் புதிய குடத்துக்கு 130 வேண்டும். அலுமினியமாக இருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். அதை வளைத்தால் விரிசல் விடும். இரும்பு கேட்கும். நீளமான மரைக் கம்பியை இரண்டு பக்கமும் நட்டு போட்டு உள்ளே வைத்து, நட்டை விரிக்க விரிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினார். இரும்பு திரும்பி வரும் என்று தெரிந்து, வேண்டியதைவிடக் கூடுதலாக விரித்து விட்டார். பிறகு ஒரு கெட்டி நூலை எடுத்து, ஒரு பின்முனையில் கட்டி, முன் தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டுவந்து மறு பின்முனையில் இழுத்துக் கட்டினார். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் ஒரு மில்லி அதிகம். மறுபடி வளைத்தார், மறுபடி நூல். இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த பிறகுதான் டீக்குப் போனார்.

அடுத்து கிராங்க். அதன் அச்சைத் தாங்கும் பழைய கப்பைக் கழற்ற மச்சான் ஸ்பேனரை வழக்கமான திசையில் திருப்பினான். “தம்பி, வலது பக்கம் எதிர் மரை. அப்படித் திருப்புனா இன்னும் இறுகும்” என்று கையைப் பிடித்தார். “இந்த மாதிரி வண்டி நீங்க பிரிச்சிருக்கீங்களாண்ணே?” என்றான் அவன். “வண்டி புதுசு. மரை நம்ம மரைதான்.” அவர் சொன்னது முழுக்க உண்மை. அங்குலத்துக்கு 24 மரை, 1.37 அங்குல விட்டம் என்பது இங்கிலாந்தின் பழைய அளவு. இன்றைய விலை உயர்ந்த கப்புகளின் மேலும் ‘பி.எஸ்.ஏ.’ என்றே அதற்குப் பெயர் அச்சிட்டிருக்கும். பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர் அது. அம்பத்தூர் வண்டிகளில் நாம் பார்த்து வளர்ந்த அதே மூன்று எழுத்து. புதிய கப்புகள் கையாலேயே சுழன்று உள்ளே போயின.

கடைசியில் செயின். கடையில் தொங்கிய ஹெர்குலிஸ் செயினையும் பதினொரு கியர் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். பழையது தடி, புதியது ரிப்பன்போல் ஒல்லி. வெளி அகலம் ஐந்தரை மில்லிமீட்டர்தான். ஆனால் பின்னுக்குப் பின் இடைவெளி இரண்டிலும் அதே அரை அங்குலம். பல்லின் இடைவெளி மாறவில்லை, கனம்தான் குறைந்தது. அதனால்தான் சற்றே கூடிய இடத்துக்குள் பதினொரு சக்கரத்தை நெருக்கி வைக்க முடிகிறது. ஆறு சக்கரம் பதினொன்றானதுக்கு அடியில் இருக்கும் சங்கதி இவ்வளவே.

வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனாலும் இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு. எங்கள் பக்கத்து வண்டிக்குப் பதினொன்று வேண்டாம். ஒல்லிச் செயின் விலை அதிகம், புழுதியில் சீக்கிரம் தேய்கிறது, அறுந்தால் வளத்தியில் கிடைக்காது. எட்டோ ஒன்பதோ போதும். ஷிமானோவின் கிளாரிஸ் எட்டு, சோரா ஒன்பது. இரண்டும் அதே 130 மில்லிமீட்டர் குடத்தில் உட்காரும். கியர் எண்ணிக்கையைவிட மிகவும் இலகுவான கியர் எது என்பதைப் பாருங்கள். பின்னால் 32 பல் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளிக்கூடத்துச் சைக்கிள். 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மேல்நிலை வகுப்பு மாணவர் எல்லோருக்கும் விரிந்த இலவச சைக்கிள் திட்டம் இந்தக் கிராமங்களின் பெண்பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்பே 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றியது. அந்த மகத்தான காரியத்தின் தொடர்ச்சி இது. ஆனால் வண்டி இன்னும் ஒற்றைக் கியர்தான். புத்தக மூட்டையோடு எதிர்காற்றில் மிதிக்கும் பிள்ளைக்கு மூன்று கியர் குடம் கொடுத்தால் என்ன என்று யாராவது கேட்க வேண்டும்.

அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரோட்ஸ்டர் ஃப்ரீவீலும் மரை போட்டுத்தான் ஏறுகிறது. 18 பல்லைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டால் ஐந்தரை மீட்டர் நாலரை மீட்டராகும். வேகம் கொஞ்சம் குறையும், எழுந்து நின்று மிதிப்பதும் குறையும். கூடவே செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும். வீட்டில் பிள்ளையின் சைக்கிள் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். பரணில் பழைய ரோடு பைக் கிடந்தால், பிரேமில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கு வாருங்கள். அமாவாசை அன்று மட்டும் வேண்டாம். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகும், பெரியவரும் கடையைப் பூட்டிவிட்டு ஊஞ்சலுக்குப் போயிருப்பார்.