குருதியில் கிருமி தேடும் மின்சாரம்

மின்சாரம் விளக்கை எரிக்கிறது, பொறிகளை ஓட்டுகிறது. அதே மின்சாரம் நம் இரத்தத்தில் ஒளிந்திருக்கும் நோய்க்கிருமியைக் காட்டிக் கொடுக்குமா? கொடுக்கும் என்கிறது அறிவியல். எவ்வாறு என்பதையும், இன்னும் எது தடையாக நிற்கிறது என்பதையும் காண்போம்.

காத்திருப்பின் விலை

என் ஊர் சேரப்பணஞ்சேரி. ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை செய்வோர் பலர் எங்கள் பகுதியில் ஓர் அறைக்கு நால்வர் ஐவராகத் தங்கியுள்ளனர். அவர்களுள் ஒருவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டு, கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டதாக மருத்துவர் ஐயுற்றால் என்ன நடக்கிறது? இரத்தத்தை எடுத்து, ஊட்டக் கரைசல் உள்ள குப்பியில் இட்டு, 37 டிகிரி செல்சியசு வெப்பத்தில் வைக்கின்றனர். கிருமி பெருகியது தெரிய ஏறத்தாழ ஒரு நாள். அது இன்னதென்றும், எந்த மருந்துக்கு அடங்குமென்றும் அறிய மேலும் ஓரிரு நாள். அதுவரை மருத்துவர் ஊகித்தே மருந்து தருகிறார். ஊகம் தவறினால் நோயாளியின் உயிருக்கு ஆபத்து. தேவையற்ற மருந்தோ கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுத் தருகிறது.

இரு வழிகள்

கிருமி வளரும்போது கரைசலில் உள்ள சர்க்கரை முதலியவற்றைச் சிதைத்து அயனிகளாக மாற்றுகிறது. அயனி மிகுந்தால் மின்கடத்துதிறன் உயரும். ஜி. என். ஸ்டூவர்ட் என்பார் 1899-லேயே இதனை அளந்து வெளியிட்டார். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்து வீட்ஸ்டன் சமனச்சுற்றின் தத்துவமே இதற்குப் போதும். நேர்மின்னோட்டத்துக்குப் பதில் மாறுமின்னோட்டம் வேண்டும், அவ்வளவே.

இரண்டாவது வழி, பொன் மின்வாயின்மேல் எதிர்ப்பொருள்களைப் பூசுவது. தமக்குரிய கிருமியை மட்டும் அவை பற்றிக் கொள்ளும். கிருமியின் சவ்வு மின்சாரத்தை எளிதில் விடாது. ஆகவே மின்னெதிர்ப்பு மாறும். இத்தகைய கருவியே ‘பயோசென்சார்’, அதாவது உயிர் உணர்வி. 1962-இல் லேலண்ட் கிளார்க்கும் லயன்சும் சர்க்கரையை அளக்க வகுத்த நொதி மின்வாய் இதன் முன்னோடி. இன்று நீரிழிவு நோயாளி வீட்டிலேயே பயன்படுத்தும் சோதனைப் பட்டை அதன் வழிவந்ததே.

ஒரு சிறு கணக்கு

அந்தப் பட்டைக்கு ஒரு சொட்டு போதுமே, கிருமிக்கும் போதாதா? இங்கேதான் சிக்கல். ஒரு சொட்டில் சர்க்கரை மூலக்கூறுகள் கோடி கோடியாக உள்ளன. கிருமியோ, ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில வேளை பத்துகூட இராது. பத்து என்றே கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் ஏறத்தாழ இருபது சொட்டு. எனவே இரண்டு சொட்டுக்கு ஒரு கிருமி! சொட்டில் அகப்படாத கிருமியை எவ்வளவு கூரிய கருவியும் காட்டாது. அதே மில்லிலிட்டரில் சிவப்பணுக்கள் சுமார் 500 கோடி. அவையும் புரதங்களும் மின்வாயில் படிந்து பொய்க்குறி காட்டும்.

ஆகவே பல மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, சிவப்பணுக்களை உடைத்து, கிருமிகளை வடிகட்டியோ காந்தத் துகள்களால் ஈர்த்தோ திரட்டிய பின்னரே அளக்க வேண்டும். மின்சாரம் அளப்பது விரைவு, திரட்டுவதுதான் கடினம். சில சொட்டு இரத்தத்தில் நூற்றுக்கணக்கான சோதனைகள் என முழங்கிய அமெரிக்க நிறுவனமான தெரானோஸ் 2018-இல் மூடப்பட்டதை இங்கு நினைவு கொள்ளலாம்.

நம் மண்ணில்

மின்வாய் ஆய்வு தமிழகத்துக்குப் புதிதன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. உயிர் உணர்வி ஆய்வும் அங்கு நடைபெறுகிறது. மருத்துவக் கருவிகளுக்கான தொழிற்பூங்காவுக்கு ஒரகடம் தேர்ந்தெடுக்கப்பட்டது எங்கள் பகுதிக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இரத்தத்திலிருந்து கிருமியைப் பிரிக்க விலங்கியலும், மின்வாயைப் பூச வேதியியலும், குறியை அளக்க இயற்பியலும் தேவை. இம்மூன்று துறைகளும் நம் கல்லூரியில் அடுத்தடுத்த கட்டடங்களில் உள்ளன. மாணவ நண்பர்களே, இடையிலுள்ள சுவரைத் தாண்டி ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவோம். மூன்று நாளை மூன்று மணியாக்கும் பணியில் நமக்கும் பங்கு உண்டு.