ஔவையார் ஒருவரா, பலரா?

புக்கிட் ரம்பாய் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியனாய் இருந்த காலம். ஒருநாள் நான்காம் ஆண்டு மாணவர்க்கு நெல்லிக்கனிக் கதையைச் சொன்னேன். அதியமான் ஈந்த கனியை உண்டு ஔவைப் பாட்டி நெடுங்காலம் வாழ்ந்தார். அதனாலேயே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நமக்குக் கிடைத்தன என்று கதையை முடித்தேன். பின்வரிசையிலிருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, “ஐயா, அந்தப் பாட்டி சின்ன வயசுல என்ன செஞ்சாங்க?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. “அவர் பிறக்கும்போதே பாட்டிதான்” என்று மழுப்பினேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது நல்ல கேள்வி என்பதையும், நான் சொன்னது தவறான கதை என்பதையும் பின்னர்ப் படித்தே தெரிந்துகொண்டேன்.

முதலில் பெயரைக் காண்போம். அவ்வை என்பதற்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் என்று பொருள் கூறுவர். கன்னடத்தில் ‘அவ்வ’ என்றால் தாய். தெலுங்கில் ‘அவ்வா’ என்றால் பாட்டி. ‘ஆர்’ என்பது சிறப்பு விகுதி. ஆகவே ஔவையார் என்பது ஒருவர்க்கே இட்ட இயற்பெயராக மட்டும் இருக்க வேண்டுவதில்லை. போற்றத்தக்க பெண்டிர் பலரை ஊரார் அழைத்த மதிப்புப் பெயராகவும் இருக்கலாம். அவ்வாறாயின் வெவ்வேறு காலத்தில் பலர் அப்பெயரைத் தாங்கியதில் வியப்பில்லை.

இவர்களுள் மூத்தவர் சங்க கால ஔவையார். புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4 என 59 பாடல்கள் இவர் பெயரால் உள்ளன. சங்கப் பெண்பாற் புலவருள் இத்துணைப் பாடல்கள் பாடியவர் வேறெவரும் இலர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இவரைப் போற்றிய வள்ளல். நெல்லிக்கனியை அவன் தனக்கென வைத்துக்கொள்ளாமல் இவர்க்கு ஈந்ததை இவரே புறப்பாட்டொன்றில் பாடுகிறார். சிறுபாணாற்றுப்படையும் அதனைக் குறிக்கிறது. தொண்டைமானிடம் தூது சென்றவரும் இவரே. அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டிப் பெருமை கொண்டபோது, ‘உன் வேல்கள் நெய் பூசி மாலை சூடி அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவோ போரில் முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன’ என்னும் கருத்துப்படப் பாடினார். புகழ்வதுபோல் இகழ்ந்து, போரின் விளைவை நயமாக உணர்த்திய இவரைத் தடியூன்றிய தள்ளாத கிழவியாக எண்ண அப்பாடல்கள் இடந்தரவில்லை.

அதியமான் வெறும் கதைத்தலைவன் அல்லன். திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரில் 1981இல் வெளிப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரையும் அவன் பாழி ஒன்றை ஈந்த செய்தியையும் கூறுகிறது. எனவே இவ்வௌவையார் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டவர் எனக் கொள்ளலாம்.

அடுத்து வருபவர் விநாயகர் அகவல் பாடிய ஔவையார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலை சென்ற கதையோடு இவரை இணைத்துக் கூறும் மரபுண்டு. அகவலில் யோக நெறி விரித்துரைக்கப்படுகிறது. நம் மலாக்காவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலை அறிந்தவர்க்கு விநாயகர் வழிபாடு தமிழரோடு கடல் கடந்து வந்தமை விளங்கும். ஆனால் சங்கப் பாடல்களில் விநாயகர் வழிபாடு காணப்படவில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்க.

மூன்றாமவர் நம் வகுப்பறைகளுக்கு உரியவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி ஆகிய நீதிநூல்களை அருளிய இவரைச் சோழர் காலத்தவர், கம்பர்க்கும் ஒட்டக்கூத்தர்க்கும் சமகாலத்தவர் எனப் பலர் கொள்வர். அகரவரிசையில் பிஞ்சு நாவுக்கு ஏற்ற சிறு அடிகளில் அறத்தை வைத்தது இவர் செய்த புதுமை. எழுத்தும் ஒழுக்கமும் ஒருங்கே கற்பிக்கும் இம்முறைக்கு நிகரான தொடக்கப் பாடத்தை என் ஆசிரியப் பயிற்சிக் காலத்திலும் நான் கண்டதில்லை. இவர்க்குப் பின்னும் ஔவை குறள் என்னும் ஞானநூலும், அசதிக்கோவைப் பாடல்களும், தனிப்பாடல்கள் பலவும் அப்பெயரால் வழங்குகின்றன. ஔவையார் மூவர் என்பாரும், நால்வர் என்பாரும், அறுவர் என்பாரும் உளர். ஒருவரல்லர் என்பதில் ஆராய்ச்சியாளர் பெரிதும் உடன்படுவர்.

இதற்குச் சான்றுகள் நூல்களிலேயே உள்ளன. நல்வழியின் இறுதிப் பாடல் திருக்குறளையும், மூவர் தேவாரத்தையும், திருக்கோவையாரையும், திருவாசகத்தையும், திருமூலர் வாக்கையும் ஒரு நிரையில் வைத்துப் பேசுகிறது. மாணிக்கவாசகர்க்குப் பின் வாழ்ந்த ஒருவரே இவ்வாறு பாட இயலும். அவர்க்கும் அதியமானுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுக்குக் குறையாத இடைவெளி உண்டு. மேலும், அதியமான் இறந்தபோது பாடிய கையறுநிலைப் பாட்டில், தனக்கும் கள்ளும் ஊனும் பகிர்ந்தளித்த அவன் அன்பை நினைந்து சங்க ஔவையார் உருகுகிறார். கொன்றைவேந்தனோ புலாலைத் தவிர்க்கச் சொல்கிறது. இரண்டும் அவ்வக் காலத்துக்கு ஏற்ற வாழ்வே. ஆனால் ஒருவருடைய வாழ்வன்று.

பின் எவ்வாறு ஒருவராயினர்? கதைகளே காரணம். பாரி மகளிரை மணஞ்செய்விக்க அலைந்தவர் கபிலர் என்பது புறநானூற்றுச் செய்தி. பிற்காலக் கதை அப்பணியை ஔவையார்க்கு ஆக்கிற்று. ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவர் கதையில் வள்ளுவரும் கபிலரும் அதிகமானும் ஔவையின் உடன்பிறந்தார் ஆயினர். கனி ஈந்த வள்ளல் தம்பியாகிவிட்டான்! பல காலத்தாரை ஒருவராக்கியபின், அத்துணை நீண்ட ஆயுளுக்கு விளக்கமாக நெல்லிக்கனி பயன்பட்டது. 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடிப்பில் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படம் அந்த மூதாட்டி வடிவத்தை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது.

பிற நாட்டார் இதனை எவ்வாறு கையாள்கின்றனர்? எடித் என்பது ஆங்கிலேயரின் மிகப் பழைய பெண்பெயர்களுள் ஒன்று. பத்தாம் நூற்றாண்டில் எட்கர் மன்னன் மகளாகிய துறவி எடித் இருந்தார்; 1075இல் மறைந்த அரசி எடித் இருந்தார்; 1915இல் பிரசல்சு நகரில் செருமானியரால் சுட்டுக்கொல்லப்பட்ட செவிலி எடித் கேவல் இருந்தார். மூவரையும் எவரும் ஒருவராக்கவில்லை. தமிழிலும் சங்க நக்கீரர் வேறு, பதினோராந் திருமுறை நக்கீரதேவ நாயனார் வேறு எனப் பிரித்தறிகிறோம். ஔவையார்க்கு மட்டும் அந்நீதி வகுப்பறையில் கிடைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தோட்டத்துப் பெரட்டுக்களத்தை எண்ணிப் பாருங்கள். ஒரே தோட்டத்தில் மூன்று மாரியம்மா இருப்பர். பெரிய மாரியம்மா, சின்ன மாரியம்மா, மேட்டு லயத்து மாரியம்மா என்று கிராணியார் பிரித்தே அழைப்பார். ஒருத்தி வெட்டிய பாலை மற்றொருத்தி கணக்கில் எழுதினால் அன்றைக்கே வழக்கு எழும். உழைப்பும் கூலியும் அவரவர்க்கு உரியவை. ஈராயிரம் ஆண்டுத் தமிழில் பாடிய பெண்கள் பலருடைய உழைப்பை ஒரே கணக்கில் எழுதிவிட்டு, நாம் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறோம். இவ்வாறு சொல்வதால் ஔவையின் பெருமை கூடவில்லை. தமிழ்ப் பெண்பாற் புலவரின் தொகைதான் குறைகிறது.

ஆதலின் ஆசிரிய நண்பர்கட்கு ஒரு வேண்டுகோள். நெல்லிக்கனிக் கதையை விட்டுவிட வேண்டா. அதனைச் சங்க ஔவையாரின் கதையாகவே சொல்லுங்கள். ஆத்திசூடியைக் கற்பிக்கும்போது, ‘இவர் பல நூற்றாண்டுக்குப் பின் வந்த இன்னோர் ஔவையார்’ என்று ஒரு வாக்கியம் சேருங்கள். முதலாண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கும்; ஒரே பெயருடைய இருவர் அவ்வகுப்பிலேயே இருப்பர்.

அன்று கேட்ட சிறுமிக்கு இன்று நான் விடை சொல்வேன்: “அம்மா, ஔவையார் பலர். அவர்களுள் ஒருவர் அரசனுக்காகத் தூது போனார். போர்வேந்தன் முன் அஞ்சாமல் பேசினார். அதற்கு அவர் பாட்டியாகும் வரை காத்திருக்கவில்லை.”