உம்மும்மாவின் உம்மா பெயர் என்ன?

சகோதரிகளே! உங்கள் உம்மாவைப் பெற்ற உம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரைப் பெற்றவரின் பெயர் என்ன? பலருக்கு அங்கேயே நா நின்றுவிடும்.

யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறைக்கு அருகில் சுருவில் என்றொரு சிற்றூர் உண்டு. அந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கில் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என்று நால்வருக்கும் தனித்தனிப் பெயர்கள். நம் வீடுகளில் வாப்பும்மா, உம்மும்மா என்பதும் அதே முறைதான். தமிழகத்தில் சில ஊர்களில் நன்னா, நன்னி என்பார்கள். பாட்டனுக்கு மேலே பூட்டன், பூட்டி. பேரன் என்ற சொல்லோ பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்கி நிற்பவன் என்று பொருள்.

யார் வழிப் பாட்டி என்று பிரித்துச் சொல்வது வெறும் செல்லத்துக்காக அல்ல. மார்க்கத்தின் வாரிசுச் சட்டத்திலும் இந்தப் பிரிவு முக்கியமானது. மௌத்தானவரின் தாய் உயிருடன் இல்லையென்றால் உம்மும்மாவுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. தந்தை இல்லாதபோது வாப்பாவின் வாப்பா வாரிசாகிறார். உம்மாவின் வாப்பா அந்த வரிசையில் வருவதில்லை. "தாத்தா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

முன்னோர் வழியாக வரும் சொத்தை யாழ்ப்பாணத்தில் முதுசம் என்பார்கள். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் இடம்பெற்ற பழஞ்சொல் அது. ஆனால் முதுசம் எல்லோரிடமும் நிலைக்கவில்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30ஆம் நாள் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம்தான். பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். தீவகத்துத் தமிழ்க் குடும்பங்களும் அந்த ஆண்டுகளில் போரினால் ஊரைவிட்டுச் சிதறின. வீடும் காணி உறுதியும் கபுறடியும் பின்னால் நின்றுவிட்டன. கூடவே வந்தவை நினைவும் பெயர்களுமே.

அந்தப் பெயர்களை யார் காப்பது? இலங்கையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனாரின் பெயரும் அவர் பிறந்த ஆண்டும் இடமும் எழுதக் கூடுகள் இருந்து வந்துள்ளன. பாட்டிக்கு அப்படியொரு கூடு இல்லை. காணி உறுதியிலோ வழக்குப் பத்திரத்திலோ இடம்பெறாத பெண்ணின் பெயர் அவள் பேத்தியோடு மறைந்துவிடுகிறது. பிள்ளை பெற்ற கதையும், குடும்பம் பெயர்ந்த கதையும், யாருக்கு யார் பால் கொடுத்தார் என்பதும் அவளிடம்தான் இருந்தன. பால்குடி உறவு தெரியாவிட்டால் திருமணப் பேச்சிலேயே தவறு நேரலாம் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே ஒரு கொப்பியை எடுங்கள். நடுவில் உங்கள் பெயரை எழுதி, ஒருபுறம் வாப்பா வழி, மறுபுறம் உம்மா வழி என்று மேலே செல்லுங்கள். பெயர், பிறந்த ஊர், மணமுடித்த ஊர், அடக்கமான இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். கற்பனையால் நிரப்ப வேண்டாம். வீட்டில் மூத்த உம்மா ஒருவர் இருந்தால் இன்றே அவரருகில் உட்காருங்கள். அடுத்த பெருநாளுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் பிள்ளைகளை அழைத்து வாசித்துக் காட்டுங்கள். இனி துஆவில் "எங்கள் முன்னோர்கள்" என்று சொல்லும்போது அவர்கள் சில பெயர்களையும் நினைத்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.