விட்டுக்கொடுக்கும் பிளேடு

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘தார் ரோட்டிலிருந்து எங்கள் நிலத்து வீட்டுக்குக் கால் கிலோமீட்டர் கிராவல் பாதை. இரண்டு ஓரமும் கோரை, நாயுருவி, எருக்கு, இடையிடையே சீமைக் கருவேலங்கன்று. புல்லுக்குள் ஜல்லியும் செங்கல் துண்டும் கிடக்கின்றன. 42 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. பின்னால் மாட்டி ஓரத்தை வெட்ட எந்தக் கருவி வாங்கலாம்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், யூடியூப் வேறொன்று சொல்கிறது.’

முதலில் யூடியூபை மூடிவிடுவோம். அதில் வரும் எல்லா டிராக்டரும் மேசை போன்ற சமதரையில், கல் ஒன்றுகூட இல்லாத பச்சைப் புல்லில்தான் ஓடுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தில் அப்படி ஒரு பாதையோரத்தைக் காட்டினால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். செஞ்சி, மயிலம் பக்கம் கருங்கல் துண்டு. வானூர் பக்கம் செம்மண்ணோடு சரளை. போதாததற்கு 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி மழை பாதையின் நடுவிலிருக்கும் கிராவலை அரித்து ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு அதன்மேல் புல் முளைத்து மூடிக்கொள்ளும். எனவே வாசகர் கேட்டிருப்பது புல்வெட்டியைப் பற்றி என்றாலும், பதில் சொல்ல வேண்டியது புல்லுக்குள் மறைந்திருக்கும் கல்லைப் பற்றி.

‘வீட்டில்தான் ரொட்டவேட்டர் நிற்கிறதே, அதையே ஓரத்தில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டால் என்ன?’ என்று பலர் நினைப்பார்கள். ஓட்டலாம். அன்று பார்க்க அழகாக இருக்கும். பொலபொலவென்று ஆன ஓரத்து மண்ணை அடுத்த மழை வாரிக்கொண்டு போகும். துண்டுதுண்டாகிப் பரவிய கோரைக் கிழங்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக முளைக்கும். தீவனம் அறுக்கும் கத்திரி வகைக் கருவியும் இந்த இடத்துக்கு ஆகாது. அது நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில், இரண்டு விளிம்புகளுக்கு நடுவே தண்டைப் பிடித்து நறுக்குகிறது. டீசல் குறைவாகக் குடிக்கும், வெட்டும் சுத்தமாக இருக்கும். ஆனால் விரலிடுக்கில் ஒரு ஜல்லி மாட்டினால் அன்றைய வேலை அதோடு சரி.

மிச்சம் இரண்டு. ஒன்று ரோட்டரி ஸ்லாஷர்: தட்டையான கூண்டு, அதன் நடுவே செங்குத்து அச்சு, அதில் இரண்டு கனமான பிளேடுகள் தரைக்கு இணையாகச் சுழலும். மற்றது ஃப்ளெயில் மோவர். மல்ச்சர், ஷ்ரெட்டர் என்ற பெயர்களில் விற்கப்படும் பல கருவிகள் இதன் உறவினர்கள்தான். இதில் அச்சு படுக்கையாக இருக்கும். அந்த உருளை முழுவதும் உள்ளங்கை அளவு பிளேடுகள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு ஆணியில் தளர்வாகத் தொங்கும். கடையில் நிற்கும்போது கையால் தட்டினால் கலகலவென்று ஆடும். ‘இந்த லொடலொடப்பா கருவேலங்கன்றை வெட்டப்போகிறது?’ என்று வாங்க வந்தவர் முகம் சுளிப்பதும் அப்போதுதான்.

அந்த லொடலொடப்பில்தான் விஷயமே இருக்கிறது.

புல்லை வெட்ட இரண்டாவது விளிம்பு தேவையில்லை, வேகம் போதும். மெதுவாக அடித்தால் தண்டு வளைந்து தப்பிவிடும். நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் பிளேடு 5 மி.மீ. தண்டைக் கடக்க நொடியில் ஏறக்குறைய பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் எடுத்துக்கொள்ளும். தண்டின் மற்ற பகுதிகள் நகர்ந்து வளைந்துகொடுக்க அந்த நேரம் போதாது. தன் சொந்த நிறையின் சோம்பலாலேயே தண்டு நின்ற இடத்தில் நின்று வெட்டுப்படுகிறது. கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை. வெட்டுவதற்குப் பதில் கிழித்துப் பிய்த்துப் போடும். பாதையோரப் புல்லுக்கு அழகுப் போட்டி இல்லையே.

சரி, ஆணியில் தொங்கும் பிளேடு விறைப்பாக நிற்பது எப்படி? ஒரு கணக்குப் போடுவோம். உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்கிறது, பிளேடின் நுனி அச்சிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுனியின் வேகம் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கி.மீ. அந்த வட்டத்தில் பிளேடை வெளிநோக்கி இழுப்பது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 900 மடங்கு. அரைக் கிலோ பிளேடு, 450 கிலோ எடை கட்டி இழுத்த மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

மாசித் தேர் சமயத்தில் மேல்மலையனூர் மாதிரி ஊர்களில் போடுவார்களே, சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது நாற்காலிகள் சும்மா தொங்கும். சுற்றத் தொடங்கியதும் குடை விரிவது போல வெளியே விரியும். யாரும் அவற்றைத் தூக்கிப் பிடிக்கவில்லை. இப்போது ராட்டினக்காரருக்குக் கோபம் வந்து நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று விடுகிறார் என்று வையுங்கள். அளவைச் சுருக்கி, அதே 900 மடங்கு இழுப்பு வரும்படி பார்த்துக்கொள்கிறார். நாற்காலியில் இருக்கும் 60 கிலோ மாமாவின் எடை 54 டன். சங்கிலி இரும்புத் தடியாக விறைத்துவிட்டது. குறுக்கே ஒரு புளியங்கிளை நீண்டிருக்கிறது. மாமாவின் கால் கிளையில் மோதுகிறது. சின்னக் கிளை என்றால் ஒடிந்து போகும். பெரிய கிளை என்றால் நாற்காலி பின்னால் மடங்கி, கிளையைத் தாண்டியதும் மறுபடி விரிந்து, அடுத்த சுற்றுக்கு மாமா தயார். (தயாரா என்று அவரைக் கேட்க வேண்டாம்.)

ராட்டினத்தின் நடுக்கம்பத்துக்கு அந்த அடி தெரிந்ததா? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கிலி லேசு, எடையெல்லாம் கடைசியில், மாமாவிடம். அடியும் அங்கேதான் விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு மாமாவின் வேகம் குறைகிறது, அவ்வளவே. சங்கிலி வழியாகக் கம்பத்துக்குப் போவது மிகச் சொற்பம். சங்கிலிக்குப் பதில், மேல்முனையில் ஆணியில் ஆடும், முழுநீளமும் ஒரே பருமனான இரும்புத்தடி இருந்தால் கதை வேறு. அதன் நுனியில் விழும் அடியில் பாதி ஆணிக்குப் போய்விடும். அதே தடியை ஆணியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் அடித்தால் ஆணிக்கு எதுவுமே போகாது. ஆடும் எந்தப் பொருளுக்கும் இப்படி ஓர் ‘அடி தெரியாத புள்ளி’ உண்டு. எடையை நுனிப்பக்கம் சேர்க்கச் சேர்க்க அந்தப் புள்ளியும் நுனிக்கு நகரும். ஃப்ளெயிலில் சுத்தியல் பிளேடு என்று விற்கிறார்களே, நுனி தடித்து மழுங்கலாக இருக்குமே, அந்த அவலட்சணத்தின் காரணம் இதுதான். கல்லில் மோதும் இடமும் அடி தெரியாத புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஆணி பிழைக்கிறது, பேரிங் பிழைக்கிறது, கியர்பாக்ஸ் பிழைக்கிறது.

கேமராவால் கல்லைக் கண்டுபிடித்து விலகிப்போகும் செயற்கை நுண்ணறிவுப் புல்வெட்டிகளைப் பற்றி வாரம் ஒரு செய்தி வருகிறது. ஓர் ஆணியும் ஓர் ஓட்டையும் அதே வேலையை மின்சாரமில்லாமல் செய்கின்றன.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்லாஷரின் பிளேடும் ஆணியில்தான் மாட்டியிருக்கிறது, அதுவும் மடங்கும். வித்தியாசம் எடையிலும் திசையிலும் இருக்கிறது. ஐந்தடி ஸ்லாஷரில் நுனி அச்சிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி இருக்கும். நிமிடத்துக்கு 900 சுற்றில் அதன் வேகம் நொடிக்கு 70 மீட்டர். பிளேடு ஒன்று ஐந்தாறு கிலோ என்று வைத்தால், ஒரு கல்லின்மேல் இறங்கக்கூடிய ஆற்றல் ஃப்ளெயில் பிளேடைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு. அடி வாங்கிய கல் 70 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் என்ன ஆகும்? காற்றின் தடையை மறந்துவிட்டால், செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு விழும் கல்லின் வேகம் ஏறக்குறைய அதுதான். ஸ்லாஷர் அதைத் தரைக்கு இணையாக, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விசிறும். ஃப்ளெயிலின் உருளை செங்குத்து வட்டத்தில் சுழல்வதால் கல் பெரும்பாலும் மேலே இருக்கும் கூண்டில் மோதி அடங்கும். பெரும்பாலும் என்றுதான் சொன்னேன்.

வரலாறு ஒரு பத்தியாவது வேண்டும் என்பது பத்திரிகை மரபு. கருவியை டிராக்டருக்குப் பின்னால் மூன்று புள்ளியில் மாட்டும் முறை ஹாரி ஃபெர்குசனுடையது. 1939இல் ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டரில் பரவலானது. நம் வயல்களில் ஃபெர்குசன் பெயர் பொறித்த டிராக்டர்கள் ஓடுவதற்குக் காரணம், 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாசி ஃபெர்குசனோடு கைகோத்தது. ஸ்லாஷரைப் பிரபலமாக்கிய புஷ் ஹாக் நிறுவனம் 1951இல் அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்தது. வரலாறு முடிந்தது.

இனி வாங்கும் விஷயம். 42 எச்.பி. என்பது இன்ஜின் கணக்கு. பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்துசேர்வது சுமார் 85 சதவீதம், அதாவது 36 எச்.பி. அளவில். ஃப்ளெயிலுக்கு அடிக்கு ஆறேழு எச்.பி. என்பது பொதுவான கணக்கு, ஆகவே ஐந்தடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஆறடி வாங்கினால் சீக்கிரம் முடியும் என்று கடைக்காரர் சொல்வார்; சீக்கிரம் முடிவது டீசல்தான்.

அகலத்தைவிட முக்கியம், கருவி பக்கவாட்டில் நகருமா என்பது. நடுவாக மாட்டிய ஐந்தடிக் கருவி டயருக்கு வெளியே எட்டிப் பார்க்காது. ஓரத்தை வெட்ட டிராக்டரே ஓரத்தில் இறங்க வேண்டியிருக்கும். இறங்கினால் பக்கத்து வாய்க்காலில் கவிழவும் வழி உண்டு. டயர் பாதையிலேயே இருக்க, கருவி மட்டும் வெளியே நீளும் ஆஃப்செட் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பின்னால், தரையில் உருண்டு வரும் முழு நீள உருளை ஒன்று தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேடுபள்ளத்தில் பிளேடு மண்ணைக் கொத்தாமல் காப்பது அதுதான். வெட்டும் உயரத்தை எட்டு, பத்து செ.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள். புல்லின் குருத்து தரையை ஒட்டி இருப்பதால் அது மறுபடி வளரும். தலையில் குருத்து வைத்திருக்கும் அகல இலைக் களைகள் ஒவ்வொரு வெட்டிலும் பின்தங்கும். சில வெட்டுக்குப் பிறகு ஓரத்தில் அருகம்புல்லும் மற்றப் புற்களும் மேலோங்கி, அவற்றின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழைக்கு அது போடும் கரை எந்த சிமென்ட்டுக்கும் சளைத்ததல்ல. பார்த்தீனியம் இருந்தால் பூப்பதற்கு முன் வெட்டுங்கள். பிந்தினால் நீங்களே விதைக்கிறீர்கள். மருந்தடித்துவிடலாமே என்பவர்களுக்கு: கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது.

சீமைக் கருவேலத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் தொடை பருமன் மரத்தையே தூளாக்குகிறார்கள். உங்கள் டிராக்டரின் ஃப்ளெயிலுக்குக் கட்டைவிரல் பருமன், மிஞ்சினால் கொஞ்சம் கூட, அதற்குமேல் வேண்டாம். வெட்டினாலும் அது சாவதில்லை. மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கின்றன, ஒரு தண்டு போன இடத்தில் ஐந்து கிளம்பும். அதோடு, வெட்டிய அடிக்கட்டை கூராக நின்று முன்டயரைப் பதம் பார்க்கும். மழை பெய்து மண் இளகியதும் கடப்பாரை போட்டோ ஜே.சி.பி. வைத்தோ வேரோடு எடுத்துவிட்டு, பிறகு மோவரை இறக்குங்கள்.

ஓட்டுகிறவருக்கு இரண்டு விஷயம். டீசல் மிச்சம் பிடிக்க ஆக்ஸிலரேட்டரைக் குறைக்காதீர்கள். பிளேடின் விறைப்பு வேகத்தின் வர்க்கத்தோடு போகிறது. வேகம் முக்கால் ஆனால் விறைப்பு பாதியை ஒட்டி வந்துவிடும், பிளேடு புல்லைக் கண்டே மடங்கும். பி.டி.ஓ. 540 சுற்றில் நிற்கட்டும், கியரை மட்டும் குறையுங்கள். இரண்டாவது, ஒரு பிளேடு உடைந்தால் அதோடு ஓட்டாதீர்கள். மேலே சொன்ன 450 கிலோ இழுப்பு இப்போது ஒரு பக்கத்தில் குறைந்திருக்கும். அந்தச் சமமின்மை நொடிக்கு 33 முறை பேரிங்கை உலுக்கும். புதிது மாட்டும்போது எதிர்ப்பக்கத்து பிளேடையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கால் கிலோமீட்டர் பாதைக்கு வருடத்தில் சில வெட்டுதான் தேவைப்படும். அதற்காக ஒரு கருவியை வாங்கி மீதி நாள் மழையில் நிறுத்தி வைப்பானேன்? வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியிலும் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களிடமும் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் மானியப் பட்டியலில் அந்த வகை இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பொதுவாக 40 சதவீதம். சிறு குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம்.

வாங்குவதானால் என் தீர்ப்பு: ஐந்தடி ஆஃப்செட் ஃப்ளெயில், சுத்தியல் பிளேடு, பின்னால் உருளை, கூண்டின் முன்பக்கம் சங்கிலித் தடுப்பு. ஓட்டும்போது அக்கம்பக்கம் பிள்ளைகளோ மாடோ பைக்கில் போகிறவரோ இருந்தால் நிறுத்திவிடுங்கள். அடியில் ஏதோ சிக்கிவிட்டது என்று குனிவதற்கு முன் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பி.டி.ஓ.வை எடுத்துவிட்ட பிறகும் பிளேடு உருளை கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.