சிறு பொறியில் யூனிக்ஸ்

ரிச்சர்ட்ஸ் டவுனின் பழைய பங்களாக்களுக்கு மதில் உண்டு. ஒரு வீட்டு ஆடு அடுத்த வீட்டுத் தோட்டத்தில் புகாது. இன்டெல் 8086 சில்லில் அத்தகைய மதிலே இல்லை. ஒரு நிரல் தடுமாறினால் மற்றொன்றின் நினைவகத்தையும், ஏன், யூனிக்சின் கருவையே கூட அழித்துவிடலாம். எனினும் 1983இல் ஜீனிக்ஸ் அச்சிறு பொறியில் ஏறிவிட்டது, துணிச்சல்தான்! பின்னர் 80286 மதில் எழுப்பிற்று. ஆனால் அறை ஒவ்வொன்றும் 64 கிலோபைட்டே. 1985இல் வந்த 80386தான் அத்தடையையும் நீக்கியது.

மார்க் வில்லியம்ஸ் நிறுவனத்தின் கோஹிரன்ட் பற்றி ஒரு சுவையான கதை உண்டு. யூனிக்சைப் பார்த்து எழுதியதோ என ஏ.டி. அண்டு டி. நிறுவனம் ஐயுற்றது. யூனிக்சைப் படைத்தோருள் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே நேரில் சென்று ஆராய்ந்தார்; நகலெடுத்ததற்குச் சான்று காணவில்லை.

மாணவர்க்கு உகந்தது எது? 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பில் கற்பிப்பதைத் தடுத்தது. பாடமே பூட்டப்பட்டுவிட்டது! ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் டானன்பாம் சும்மா இருந்தாரில்லை. மினிக்சைத் தாமே எழுதி, 1987இல் ஏறத்தாழ 12,000 வரிகளைப் பாடநூலிலேயே அச்சிட்டார். அலுவலகத்துக்கு ஜீனிக்ஸ் மேல் என்பேன். வேகத்தில் மினிக்ஸ் பின்தங்கும். ஆயினும் அது வன்தட்டு இல்லாத பொறியிலும் ஓடிற்று. வரிவரியாகப் படிக்கவும் இடந்தந்தது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்சை எழுதத் தொடங்கியது, மினிக்ஸ் நிறுவிய ஒரு 386 பொறியில்தான்.