சிறுவரும் காட்டுத் தீயும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவை நோக்கி ஏறிச் செல்லும் மலைப்பாதையிலே புசல்லாவை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தேயிலை ஏறாத சரிவுகளிலே மானாப்புல் அடர்ந்த மேடுகள். ஆங்காங்கே எஞ்சி நிற்கும் காடுகள். தை பிறந்து மழை ஓய்ந்ததும் இப்புல் உலர்ந்து வைக்கோலின் நிறம் பெறும். அந்நாட்களில் மலைநாட்டின் ஏதேனும் ஒரு சரிவிலே, இரவு நேரத்தில், தீ ஒரு செந்நிறக் கோடாக வளைந்தேறுவதைக் காண்பது புதுமையன்று.

இத்தீ எங்கிருந்து வருகிறது? இலங்கையில் மின்னலால் காடு பற்றுவது மிக அரிது. ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதன் கையால் மூள்வதே. மாடுகளுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்று வைப்போர் உண்டு. வேட்டையின் பொருட்டு வைப்போர் உண்டு. குப்பையைக் கொளுத்திவிட்டு அது அணையுமுன் வீடு திரும்புவோரும், பீடித் துண்டை வழியோரத்தில் எறிவோரும் உண்டு. விளையாட்டாக ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் புல்லிலே வைத்துப் பார்க்கும் சிறுவனும் இவர்களுள் ஒருவன். ஏனையோரைத் திருத்துவது கடினம். சிறுவனுக்குக் கற்பிப்பது எளிது. ஆனால் எவ்வாறு கற்பிப்பது என்பதே கேள்வி.

“நெருப்பைத் தொடாதே” என்று சொல்வது போதாது. தோட்டத்து லயங்களிலே தாய் விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் புறப்படுகிறாள். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல வீடுகளில் மூத்த பிள்ளையின் தலையில் விழுகிறது. நாள்தோறும் நெருப்போடு பழகும் பிள்ளைக்குத் தொடாதே என்னும் கட்டளை பொருளற்றது. தீயை மூட்டத் தெரிந்த அப்பிள்ளைக்கு அதனை முடிக்கக் கற்பிப்பதே பள்ளியின் கடமை. சாம்பலை லயத்தின் பின்புறம் கொட்டுமுன் நீர் ஊற்றிக் கிளற வேண்டும்; புறங்கையை அதன்மேல் தாழ்த்திப் பிடித்துச் சூடு இல்லை என்று அறிந்த பிறகே அகல வேண்டும். இது ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

அடுத்து, மலைச்சரிவிலே தீயின் இயல்பை விளக்க வேண்டும். இதற்கு ஆசிரியர் கையில் ஒரு தீப்பெட்டியும் அருகில் ஒரு வாளி மணலும் போதும். கொளுத்திய குச்சியின் தலையைக் கீழே சாய்த்துப் பிடித்தால் சுடர் குச்சியின்மீது விரைந்து ஏறும். தலையை மேலே நிமிர்த்திப் பிடித்தால் மெல்ல இறங்கும். மலையும் அக்குச்சி போன்றதே. கீழே பற்றிய தீ தனக்கு மேலுள்ள புல்லை முன்னதாகவே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு.

இக்கணக்கின் கொடுமையைத் தமிழ்நாடு 2018 மார்ச் 11 அன்று கண்டது. தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைக்கு நடைப்பயணம் சென்றோரைப் புல்வெளித் தீ சூழ்ந்துகொண்டது. 20 பேருக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் நன்கு வளர்ந்தவர்கள். அவ்வாறாயின் சிறு பிள்ளைகள் என் செய்வர்? ஆகையால் சிறுவன் தானே தீயை அணைக்கப் புகலாகாது, மேல்நோக்கி ஓடலாகாது, பக்கவாட்டிலே புல்லற்ற பாதைக்கோ ஓடைக்கோ விலகிக் கீழிறங்கிப் பெரியவரிடம் சொல்ல வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசாரின் 119 ஆகிய எண்களை வாய்பாட்டைப்போல மனனம் செய்விக்கலாம்.

தீயினால் இழப்பது யாது என்பதையும் பிள்ளை அறிதல் வேண்டும். புசல்லாவை மலைகள் தீயை முன்னரே கண்டவை. 1840களில் கோப்பி பயிரிட வந்தோர் பெருமரங்களை வெட்டிச் சாய்த்துக் கொளுத்தியே தோட்டம் திறந்தனர். இன்று எஞ்சியிருக்கும் காடு சிறிது. புல்லின் வேர் தீக்குப் பின்னும் துளிர்க்கும், மரக்கன்றோ மடியும். எனவே ஒவ்வொரு தீயும் காட்டைக் குறைத்துப் புல்லைப் பெருக்குகிறது. மூடுவதற்கு ஒன்றுமில்லாத மண்ணை அடுத்த பெருமழை கழுவிச் செல்கிறது. 1985இல் கட்டிமுடிக்கப்பெற்ற கொத்மலை நீர்த்தேக்கத்தைப் போன்றவற்றிலே அம்மண் படிந்தால், நீர் நிற்கும் இடம் அந்த அளவுக்குக் குறையும். பிள்ளைக்கு இதனினும் அண்மையான சான்று லயத்துப் பீலியாகும். மேட்டிலே மரங்கள் நின்றால் வறட்சியிலும் பீலியில் நீர் ஒழுகும். மேடு மொட்டையானால் பீலியும் மெலியும்.

விலங்குகளின் துயரும் பிள்ளையின் மனத்தை விரைவில் தொடும். அமெரிக்காவில் 1944ஆம் ஆண்டு தொடங்கி ஒரு கரடியின் படத்தைக் காட்டியே காட்டுத் தீத் தடுப்பைக் கற்பித்து வருகின்றனர். 1950இல் நியூ மெக்சிகோவில் தீயிலிருந்து மீட்கப்பெற்ற கரடிக்குட்டி ஒன்று அப்பெயருடன் வாஷிங்டன் விலங்குச்சாலையில் வளர்ந்தது. அதற்குச் சிறுவர் எழுதிய கடிதங்கள் பெருகவே, 1964இல் தனி அஞ்சற் குறியீடே வழங்கப்பட்டது. இலங்கைப் பிள்ளைக்குக் கரடி வேண்டுவதில்லை. தரையிலே முட்டையிடும் காட்டுக்கோழி இருக்கிறது. புல்லுக்குள் பதுங்கும் முயல் இருக்கிறது. ஆரம்ப வகுப்புகளின் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்னும் பாடத்திலே இவற்றுக்கெல்லாம் இடமுண்டு.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. புல்லிலே தீ வைத்த சிறுவன், அது தன் கைக்கு அடங்காது போனதைக் கண்டு ஓடிவந்து லயத்தறையில் ஒளிந்துகொள்கிறான் எனக் கொள்க. அவன் அஞ்சுவது தீயை அன்று, தந்தையின் பிரம்பை. அவன் வாய் திறவாதிருக்கும் கால் மணி நேரத்தில் ஒரு கைப்பிடிப் புல் ஒரு மலையாகிவிடுகிறது. ஆகவே தீத் தடுப்புப் பாடம் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரியது. “யார் வைத்தாலும் சரி, நீ வைத்தாலும் சரி, உடனே வந்து சொல், சொன்னதற்காக அடி விழாது” என்னும் வாக்குறுதியைப் பிள்ளைக்கு முதலில் அளிக்க வேண்டும், அளித்த பின் அதனைக் காக்க வேண்டும். திருத்துவதற்குப் பிறகும் காலமுண்டு. தீயை அணைப்பதற்கோ அந்தக் கால் மணி நேரமே உண்டு.